அன்னபூரணி கரைசேர்ந்த ஊர்: குளொஸ்ரர் துறைமுகமும் அதன் சுற்றுப்புறமும்

கோடை விடுமுறை நெருங்கும்போது எம் பாடசாலைக் குடும்பங்களிடையே எழும் முதற் கேள்வி, "இவ்வாண்டு எங்கே போகலாம்?" என்பதுதான். பெரும்பாலானோர் விளையாட்டுப் பூங்காக்களையும் பெரிய அங்காடிகளையும் நாடுகின்றனர். அதனை நாம் குறை கூறவில்லை. ஆயினும் பொஸ்ரன் நகரைச் சூழ்ந்து வாழும் எமக்கு, ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் ஒரு சிறிய மீன்பிடித் துறைமுகம் இருக்கின்றது. அதன் பெயர் குளொஸ்ரர். கடற்கரையும் கலங்கரை விளக்கமும் காண்பதற்காக மட்டுமன்றி, எம்மவர் கைகளால் ஆக்கப்பட்ட ஒரு கப்பல் நங்கூரமிட்ட இடம் என்பதற்காகவும் தமிழ்ப் பிள்ளைகள் ஒருமுறையேனும் அங்கே செல்லவேண்டும். அவ்வூரையும் அதன் அண்டையிலுள்ள காட்சிகளையும் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் அறிமுகஞ் செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமைவிடமும் பெயரும்

மசாசுசெற்ஸ் மாநிலத்தின் வடகிழக்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் பாறை நிலம் ஆன் முனை எனப்படும். இம்முனையிலேயே குளொஸ்ரர், றொக்போட் ஆகிய ஊர்கள் அமைந்துள்ளன. பொஸ்ரனிலிருந்து 30 மைலுக்குச் சற்று மேற்பட்ட தூரம். நகரின் குடித்தொகை ஏறக்குறைய 30,000. ஆங்கிலத்தில் நீளமாக எழுதப்படும் இவ்வூரின் பெயர் பேச்சிலே இரண்டே அசைகளாகச் சுருங்கிவிடும். எழுத்துக் கூட்டி வாசித்தால் உள்ளூரவர் புன்னகை செய்வர்.

1606 ஆம் ஆண்டில் இங்கு வந்த பிரெஞ்சு மாலுமி சாம்பிளேன் இத்துறைமுகத்தை வரைபடமாக வரைந்து, அதற்கு "அழகிய துறை" எனப் பொருள்படும் பெயரொன்றைச் சூட்டினார். 1614 இல் வந்த ஆங்கிலேயர் யோன் சிமித், முனைக்கு ஒரு துருக்கிய நாட்டுப் பெண்ணின் பெயரை இட்டார். அப்பெயர் நிலைக்கவில்லை. இளவரசர் சார்ள்ஸ் அதனை மாற்றித் தம் தாயாராகிய ஆன் அரசியின் பெயரை வைத்தார். ஆயினும் இவர்கள் அனைவருக்கும் நெடுங்காலத்துக்கு முன்பே பழங்குடி மக்கள் இங்கு வாழ்ந்து, பயிரிட்டு, மீன்பிடித்து வந்தனர் என்பதை நாம் மறத்தல் ஆகாது. அனிஸ்குவாம் என்னும் இடப்பெயர் அவர்களது மொழியிலிருந்து வந்ததே.

நகரின் பெரும்பகுதி உண்மையில் ஒரு தீவாகும். 1643 இல் வெட்டப்பட்ட சிறு கால்வாயொன்று, துறைமுகத்தையும் அனிஸ்குவாம் ஆற்றையும் இணைத்து நிலத்தைப் பிரிக்கின்றது. கால்வாயின் மேலுள்ள பாலம், படகுகள் வரும்போது இரண்டாகத் திறந்து மேலெழும். வாகனங்கள் காத்துநிற்க, ஒரு சிறு மீன்பிடிப் படகு நிதானமாகக் கடந்து செல்லும் காட்சியைப் பிள்ளைகள் பெரிதும் விரும்புவர். பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவகம் சென்று பழகிய பெற்றோருக்கு, பாலம் தாண்டி ஊருக்குள் நுழையும் அந்த உணர்வு புதிதன்று.

மீனால் எழுந்த ஊர்

1623 இல் இங்கிலாந்தின் டோர்செற் பகுதியிலிருந்து வந்த மீனவர் சிலர் இன்றைய ஸ்ரேஜ் போட் பூங்கா உள்ள இடத்தில் கரையிறங்கினர். அவர்களது குடியேற்றம் சில ஆண்டுகளில் கலைந்தது. பின்னர் மக்கள் மீண்டும் கூடி, 1642 இல் ஊர் முறைப்படி நிறுவப்பட்டது. 2023 இல் நகரம் தன் 400 ஆவது ஆண்டைக் கொண்டாடியது.

இங்கு மக்களை ஈர்த்தது கொட் என்னும் மீன். குளிர்சாதன வசதி இல்லாத அக்காலத்தில் மீனைப் பிளந்து, உப்பிட்டு, மரத்தட்டிகளில் பரப்பி வெயிலில் உலர்த்தினர். சுருங்கச் சொன்னால், கருவாடு போட்டனர். எமது கடற்கரைப் பெண்கள் பாயில் பரப்பிச் செய்த அதே தொழில், இங்கே கடல்கடந்த வணிகமாயிற்று. அவ்வணிகத்துக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. தரங்குறைந்த கருவாடு கரிபியன் தீவுகளுக்கும் சுரினாமுக்கும் அனுப்பப்பட்டு, கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தோருக்கு உணவாகக் கொடுக்கப்பட்டது. ஓர் ஊரின் செல்வம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவும் பிள்ளைகள் பழகவேண்டும்.

இன்று வீடுதோறும் உள்ள உறைந்த உணவுக்கும் இவ்வூருக்கும் தொடர்புண்டு. கிளாரன்ஸ் பேட்சை என்பவர் லப்ரடோர் குளிர்ப்பிரதேசத்தில் இன்யூற் மக்கள் மீனைக் கடுங்குளிரில் விரைவாக உறையவைப்பதைக் கண்டார். மெதுவாக உறைந்தால் பெரிய பனிப்பளிங்குகள் தோன்றி இறைச்சியின் இழைகளைச் சிதைக்கும். விரைவாக உறைந்தால் பளிங்குகள் சிறியனவாகி இழைகள் காக்கப்படும். இந்த உண்மையை இயந்திரத்தில் அமைத்து, 1920களின் நடுப்பகுதியில் குளொஸ்ரரில் அவர் தொழிற்சாலை தொடங்கினார். விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் இதனை நினைவிற் கொள்க.

அள்ள அள்ளக் குறையாது என்று எண்ணப்பட்ட கொட் மீனும் குறைந்தது. 1960களில் பிறநாட்டுப் பெரும் இழுவைக் கப்பல்கள் வந்து வாரிச் சென்றன. 1976 இல் இயற்றப்பட்ட சட்டத்தால் 200 மைல் எல்லைக்குள் அவை தடுக்கப்பட்டபோது, உள்நாட்டுப் படகுகள் பெருகின. விளைவாக 1994 டிசம்பரில் ஜோர்ஜஸ் மேட்டின் பெரும்பகுதிகளில் மீன்பிடி நிறுத்தப்பட்டது. இன்று துறைமுகத்தில் சிங்க இறால் பிடிக்கும் படகுகளையே மிகுதியாகக் காணலாம். கடலில் மிதக்கும் வண்ணக் கட்டைகளை உற்று நோக்குங்கள். ஒவ்வொரு மீனவருக்கும் தனித்தனி வண்ணக்கோலம் உண்டு; அதுவே அவரது கூட்டின் அடையாளம். முட்டை தாங்கிய பெண் இறால் அகப்பட்டால், அதன் வாற்செதிலில் சிறு கோண வெட்டிட்டு மீண்டும் கடலில் விடுவர். அவ்வடையாளம் கொண்ட இறாலைப் பின்னர் எவரும் பிடித்து வைத்திருத்தல் ஆகாது. பட்டறிவு தந்த ஒழுங்கு இது. இழுவைப் படகுகளால் அடிக்கடல் துடைக்கப்படும் துயரை அறிந்த பாக்குநீரிணைக் கரையோரத்தாருக்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

சுக்கான் பிடித்த மனிதர்

துறைமுகத்தின் முன்றலில், கடலை நோக்கியபடி ஒரு வெண்கலச் சிலை நிற்கின்றது. எண்ணெய்த் துணியாலான மழைச்சட்டை அணிந்த மீனவர் ஒருவர், சரியும் மேற்றளத்தில் காலூன்றிச் சுக்கானைப் பற்றி நிற்கிறார். லெனாட் கிறாஸ்க் என்னும் சிற்பி வடித்த இச்சிலை 1925 இல் நிறுவப்பட்டது. குளொஸ்ரர் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது இதுவே.

ஆனால் நாம் கூடுதல் நேரம் நிற்கவேண்டிய இடம், சிலையைச் சூழ்ந்துள்ள பெயர்ப்பலகைகளின் முன்னர். கடலுக்குச் சென்று திரும்பாத 5,368 பேரின் பெயர்கள் அங்கே ஆண்டு வாரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. 1879 ஆம் ஆண்டுக்குரிய பெயர்களைப் பாருங்கள். அந்த ஓர் ஆண்டில் மட்டும் 29 கப்பல்களும் 249 மீனவரும் மறைந்தனர். பட்டியலின் பிற்பகுதியில் 1991 ஒக்ரோபரில் புயலில் மறைந்த "அன்றியா கேல்" படகின் அறுவரும் உள்ளனர். புத்தகமாகவும் திரைப்படமாகவும் வெளிவந்தமையால் அவ்வறுவரை உலகம் அறிந்தது. மற்றையோரை இப்பலகைகளே அறியும். ஆங்கிலப் பெயர்களோடு போர்த்துக்கேய, இத்தாலிய, ஸ்கந்திநாவியப் பெயர்களும் கலந்திருக்கும். வந்தேறியாக வந்து கூலிக்குப் படகேறியவனையும் இவ்வூர் தன் மகனாகவே எண்ணிப் பொறித்து வைத்திருக்கின்றது.

சிறிது தொலைவில், 2001 இல் நிறுவப்பட்ட இன்னொரு சிலை உண்டு. பெண்ணொருத்தி இரு பிள்ளைகளை அணைத்தபடி கடலை நோக்கி நிற்கிறாள். மீனவர் மனைவியர் சங்கத்தாரின் முயற்சியால் எழுந்தது அது. கணவனைக் கடலுக்கு அனுப்பிவிட்டு விடிவெள்ளி பார்த்திருந்த எம் தாய்மாருக்கு அச்சிலையைப் பற்றி எவரும் விளக்கஞ் சொல்லத் தேவையில்லை.

எமது கடலிலும் எத்தனையோ பேர் மறைந்தனர். புயலில் மறைந்தோர் உளர். போர்க்காலத்தில் மறைந்தோர் உளர். மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு இரவோடிரவாகப் படகேறி மறைந்தோர் உளர். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை கொண்டுபோனோர் உளர். அவர்களுள் எத்தனை பேரின் பெயர்கள் எங்கேனும் எழுதப்பட்டுள்ளன? குளொஸ்ரர் மீனவர் வலை வீசிய மேடுகள் வடக்கே கனடாவின் நியூபவுண்லாந்துக் கடல்வரை பரந்தவை. அந்த நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் 1986 ஆகஸ்டில், உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழ் அகதிகளைக் கண்டு மீட்டவர்களும் மீனவரே. மூடுபனிக்குள் தெரிந்தவர் யார், எந்நாட்டார் என்று அவர்கள் முதலிற் கேட்கவில்லை. கடலில் தவிப்பவரைக் காத்தல் மீனவரின் எழுதாச் சட்டம்.

அன்னபூரணி

இனி, இக்கட்டுரையின் தலைப்புக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறை, கப்பலோட்டத்திலும் கப்பல் கட்டுவதிலும் பெயர்பெற்ற ஊர். அங்கு கட்டப்பட்ட பாய்மரக் கப்பல்கள் இந்தியக் கரையோரங்களுக்கும் பர்மாவுக்கும் சென்று அரிசி, ஓடு, மரம் முதலியன ஏற்றி வந்தன. ஓடாவிமாரின் கைத்திறனே கப்பலின் அளவையும் வளைவையும் தீர்மானித்தது.

அவ்வாறு 1930 இல் வல்வையிற் கட்டப்பட்டதே "அன்னபூரணி அம்மாள்" என்னும் இருபாய்மரக் கப்பல். நீளம் 89 அடி. வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் அதனை விலைக்கு வாங்கினார். இவர் சாதாரண பயணியல்லர். 1928 முதல் 1931 வரை 32 அடி நீளமேயுள்ள சிறு பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்த கடலோடி. உலகின் கப்பல்களையெல்லாம் கண்ட அக்கண்கள் வல்வைக் கப்பலை விரும்பின என்பதே அதன் தரத்துக்குச் சான்று. தம் மனைவியின் பெயரைச் சூட்டிக் கப்பலை "புளொறன்ஸ் சி. றொபின்சன்" என மாற்றினார்.

தண்டையல் தாமோதரம்பிள்ளையின் தலைமையில் வல்வைக் கடலோடிகள் ஐவர் அக்கப்பலில் பணிபுரிந்தனர். செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல் என மேற்கு நோக்கி ஓடி, அத்திலாந்திக் மாகடலைக் கடந்து, பெர்முடாத் தீவைத் தொட்டு, 1938 ஆகஸ்ட் 1 ஆம் நாள் கப்பல் குளொஸ்ரரை அடைந்தது. பொஸ்ரன் நாளிதழ் அதன் வருகையைப் படத்தோடு வெளியிட்டு வியந்தது.

இங்கே ஒரு பொருத்தத்தைக் கவனியுங்கள். வல்வையில் அன்னபூரணி கட்டப்பட்ட அதே 1930 ஆம் ஆண்டில், குளொஸ்ரருக்கு அடுத்த எசெக்ஸ் ஊரில் "கேற்றூட் எல். தீபோ" என்னும் புகழ்பெற்ற மீன்பிடிப் பாய்மரக் கப்பல் கட்டப்பட்டது. அன்னபூரணி வந்துசேர்ந்த 1938 இலேயே, அக்கப்பல் கனடாவின் "புளூநோஸ்" கப்பலோடு தன் கடைசிப் போட்டிகளை இக்கடலில் ஓடியது. இரு கரைகளிலும் பாய்மரக் காலம் முடிந்துகொண்டிருந்த வேளை அது. ஒன்றையொன்று அறியாத இரு ஊர்களில், ஒரே கலையின் கடைசித் தலைமுறை ஒரே ஆண்டில் உளி பிடித்திருந்தது.

"தமிழர் இந்நாட்டுக்கு எப்போது வந்தனர்?" என்று பள்ளியில் எவரேனும் வினவினால், எம் பிள்ளைகள் விமானத்தையும் விசாவையும் மட்டுமே சொல்கின்றனர். தமிழரால் ஆக்கப்பட்டு, தமிழரும் சேர்ந்து செலுத்திய கப்பலொன்று காற்றையே துணையாகக் கொண்டு இத்துறைக்கு வந்ததையும் அவர்கள் சொல்லக் கற்கவேண்டும். துறைமுகத்தில் இதற்கென நினைவுக்கல் தேடி அலையாதீர்கள். நீர்விளிம்பில் நின்று, இந்த வாய்க்குள்ளேதான் அது நுழைந்தது என்று கைகாட்டிச் சொல்லுங்கள். அதுவே போதும்.

நகருக்குள் காணத்தக்கவை

போர்த்துக்கேய மீனவர் கட்டிய நல்யாத்திரை மாதா தேவாலயம் குன்றொன்றின் மேலுள்ளது. இரு கோபுரங்களுக்கிடையே நிற்கும் மாதாவின் கையில் குழந்தைக்குப் பதிலாக ஒரு பாய்மரக் கப்பல் இருக்கும். கரைதிரும்பும் மீனவருக்குத் தெரியும்படி கடலை நோக்கியே அச்சொரூபம் வைக்கப்பட்டுள்ளது.

ஜூன் மாதக் கடைசியில் சிசிலி நாட்டு வழிவந்தோர் நடத்தும் புனித பேதுரு விழா 1927 இல் தொடங்கியது. சொரூபம் வீதியுலா வரும், படகுகள் ஆசீர்வதிக்கப்படும், ஓட்டப்போட்டி நடைபெறும். யாவற்றினும் வேடிக்கையானது வழுக்குமரம். எமது ஊரில் வழுக்குமரத்தை நிமிர்த்தி நடுவோம். இவர்களோ கடலின் மேல் படுக்கவைத்து, கொழுப்புப் பூசி, நுனியில் கொடியைக் கட்டிவிடுவர். நடந்து சென்று கொடியைப் பறிப்பவன் வீரன், மற்றையோர் தண்ணீரில். இந்திரவிழாக் கண்ட வல்வையாரும், அம்மன் திருவிழாக் கண்ட ஏனைய கரையோரத்தாரும் இங்கே அந்நியராக நிற்கமாட்டார்கள்.

துறைமுகத்தில் "அட்வெஞ்சர்" என்னும் பாய்மரக் கப்பல் உண்டு. 1926 இல் எசெக்ஸில் கட்டப்பட்டு, 1953 வரை மீன்பிடித் தொழிலில் இருந்தது. பெரிய கப்பல் நடுக்கடலில் நிற்க, ஈரிருவராகச் சிறு தோணிகளில் இறங்கித் தூண்டிற்கயிறு விடுவர். மூடுபனி இறங்கிக் கப்பலைத் தவறவிட்ட தோணிக்காரர் பலர் மீளவில்லை. அத்தோணியின் அளவை நேரிற் பார்த்தால், பெயர்ப்பலகை ஏன் அத்துணை நீளம் என்பது விளங்கும். அருகேயுள்ள கடல்சார் காட்சியகத்தில், 1849 முதல் இயங்கும் படகேற்றும் தண்டவாளத்தையும் காணலாம்.

ஓவியம் பயிலும் பிள்ளைகள் பிற்ஸ் ஹென்றி லேன் என்பவரின் கல்வீட்டைக் காண்க. 1804 இல் இவ்வூரிற் பிறந்த அவர், சிறுவயதிலேயே கால்கள் வலுவிழந்து ஊன்றுகோலுடன் நடந்தவர். கப்பல்களின் ஒவ்வொரு கயிற்றையும் பிழையின்றி வரைந்து புகழ்பெற்றார். அவரது ஓவியங்களின் பெருந்தொகுதி இவ்வூர் அருங்காட்சியகத்துக்குரியது.

கோடையில் திமிங்கிலம் காணச் செல்லும் படகுகளும் இங்கிருந்து புறப்படுகின்றன. ஸ்ரெல்வாகன் மேடு 1992 இல் கடல்வாழ் உயிர்களின் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. மேட்டில் மோதி மேலெழும் நீரோட்டம் ஊட்டச்சத்துக்களைக் கொணர்வதால் சிறுமீன்கள் திரள்கின்றன. அவற்றைத் தின்னத் திமிங்கிலங்கள் வருகின்றன. வாலின் அடிப்புறத்துக் கறுப்பு வெள்ளைக் கோலத்தைக் கொண்டு ஆய்வாளர் ஒவ்வொரு கூனல்முதுகுத் திமிங்கிலத்தையும் இனங்காண்கின்றனர்.

கடற்கரைகளுள் குட் ஹாபர் கடற்கரை சிறுவர்க்கு ஏற்றது. இங்கு வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே நீர்மட்டம் ஏறத்தாழ 9 அடி வேறுபடும். யாழ்ப்பாணக் கரையில் இவ்வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. வற்றுநேரத்தில் எதிரேயுள்ள சிறு தீவுக்கு நடந்தே செல்லலாம். ஆனால் பெருக்கு வருமுன் திரும்பிவிட வேண்டும்.

சுற்றுப்புறம்

குளொஸ்ரரின் ஒரு பகுதியாகவுள்ள அனிஸ்குவாம் கிராமத்தைத் தமிழர் தவறவிடலாகாது. 1893 ஆகஸ்டில், சிக்காகோ மாநாட்டுக்கு முன்னர், சுவாமி விவேகானந்தர் பேராசிரியர் யோன் ஹென்றி றைற்றின் விருந்தினராக இங்கு தங்கி, ஆகஸ்ட் 27 இல் கிராமத் தேவாலயத்தில் உரையாற்றினார். அறிமுகக் கடிதமின்றித் திகைத்திருந்த துறவிக்கு அக்கடிதத்தை எழுதியளித்தவர் இப்பேராசிரியரே. புகழோடு திரும்பிய சுவாமிகள் 1897 ஜனவரியில் கொழும்பில் இறங்கி யாழ்ப்பாணத்துக்கும் வந்து, இந்துக் கல்லூரியில் உரையாற்றினார்.

நகரின் நடுவே டொக்ரவுண் என்னும் கைவிடப்பட்ட பழைய குடியிருப்பு, இன்று காடாகக் கிடக்கின்றது. 1930களின் பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்த கல்தச்சருக்குக் கூலி கொடுத்து, றொஜர் பாப்சன் என்பவர் அங்குள்ள பாறைகளில் அறவுரைகளைப் பொறிப்பித்தார். "துணிவு", "உண்மை", "தாய்க்கு உதவு" என்றவாறு சுருக்கமானவை அவை. ஆத்திசூடி படித்த எம் மாணவர்கள் இப்பாறைகளைத் தேடித்தேடி வாசித்து மகிழலாம்.

றொக்போட், 1840 இல் குளொஸ்ரரிலிருந்து பிரிந்த ஊர். அதன் துறையிலுள்ள சிவப்பு நிற மீன்குடிலை ஓவியர்கள் வரைந்து ஓய்வதில்லை. 1978 பனிப்புயலில் அது அழிந்தபோது, ஊரார் அதே ஆண்டில் அதே வடிவில் மீண்டும் கட்டிவிட்டனர். கரைக்கப்பால் தாச்சர் தீவில் இரட்டைக் கலங்கரை விளக்கங்கள் நிற்கின்றன. 1635 இல் அங்கு உடைந்த கப்பலில் இருந்த 23 பேரில் தாச்சரும் அவர் மனைவியுமே பிழைத்தனர். அவர்களது பிள்ளைகளும் மாண்டனர். அத்துயரின் பெயரே தீவின் பெயராயிற்று. முதல் விளக்கங்கள் 1771 இல் ஏற்றப்பட்டன. இன்றுள்ள 124 அடிக் கருங்கற் கோபுரங்கள் 1861 இல் எழுந்தவை. பருத்தித்துறை வெளிச்சவீட்டைக் கண்டு வளர்ந்தோர் மனத்தில் அவை ஏதேதோ நினைவுகளை எழுப்பும்.

எசெக்ஸில் கப்பல் கட்டும் காட்சியகம் உண்டு. உளி, வாய்ச்சி, துரப்பணம் ஆகியவற்றைக் கண்டதும் தாத்தாமார் தாமாகவே பேசத் தொடங்குவர். அதற்கப்பால் இப்ஸ்விச். அங்குள்ள காசில் ஹில் மாளிகை, நீர்க்குழாய்த் தொழிலில் செல்வம் ஈட்டிய கிறேன் என்பவர் 1928 இல் கட்டிமுடித்தது. அவர் மகள் புளொறன்ஸ்தான் றொபின்சனின் மனைவி. ஆம், எங்கள் அன்னபூரணிக்கு இடப்பட்ட பெயருக்குரியவர் அவரே. மாளிகையிலிருந்து கடல்வரை இறங்கும் பசும்புல் வெளியும், கீழேயுள்ள நீண்ட வெண்மணற் கரையும் காணத்தக்கவை.

நேரமிருப்பின் வடக்கே நியூபெரிபோட் வரை செல்க. 1815 ஒக்ரோபர் 23 இல் அத்துறையிலிருந்தே "திறையாட்" என்னும் பாய்மரக் கப்பல் அமெரிக்க மிசனரிமாரை ஏற்றிக்கொண்டு இலங்கைக்குப் புறப்பட்டது. அவர்களுள் ஒருவரான தானியேல் பூவர், ஆன் முனைக்கு அண்மையிலுள்ள டான்வேர்ஸ் ஊரிற் பிறந்தவர். 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியின் முதல் அதிபர். சங்க நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கு பயின்றவர். மதம் பரப்ப வந்தவர்கள் அவர்கள் என்பதை மறைக்கவேண்டியதில்லை. அவர்கள் கட்டிய பள்ளிகளில் எம் முன்னோர் கற்றதையும் மறக்கவேண்டியதில்லை. இக்கரையிலிருந்து ஒரு பாய்மரக் கப்பல் எம் ஊருக்குப் போயிற்று. 123 ஆண்டுகளின் பின் எம் ஊரிலிருந்து ஒரு பாய்மரக் கப்பல் இக்கரைக்கு வந்தது.

புறப்படுமுன்

பொஸ்ரன் வடக்கு நிலையத்திலிருந்து றொக்போட் செல்லும் புகைவண்டியில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் குளொஸ்ரரை அடையலாம். துறைமுகத்துக்கு நடந்தே போகலாம். காரிற் செல்வோர் கோடை வார இறுதிகளில் கடற்கரைத் தரிப்பிடத்தை முன்பதிவு செய்யவேண்டியிருக்கும். காட்சியகங்கள் திறந்திருக்கும் நாட்களை முன்னரே விசாரித்துக் கொள்க. திமிங்கிலப் படகில் ஏறுவோர் கோடையிலும் கம்பளிச் சட்டை எடுத்துச் செல்க. நடுக்கடற் காற்று குளிரும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயலவேண்டாம். முதல் நாளுக்கு நினைவுச்சிலை, துறைமுகம், ஒரு கடற்கரை என மூன்றே போதும். இயன்றால் தாத்தா பாட்டியரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்களே சிறந்த வழிகாட்டிகள்.

மாணவர்க்கு ஒரு பணி

மாணவச் செல்வங்களே! இப்பயணத்தின்போது ஒரு குறிப்பேட்டைக் கையில் வைத்திருங்கள். பெயர்ப்பலகையில் உங்கள் வயதுக்கு நெருங்கிய ஏதாவதோர் ஆண்டின் கீழுள்ள ஒரு பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்களது ஊருக்கு அண்மையிலிருந்த துறை எது? அங்கு ஓடிய படகுகளின் பெயர்கள் யாவை? வாடை, கச்சான், சோளகம், கொண்டல் என்னும் காற்றுகள் எந்தெந்தத் திசையிலிருந்து, எந்தெந்த மாதங்களில் வீசின? அவர்கள் அறிந்தவருள் கடலுக்குப் போய்த் திரும்பாதவர் யார்? அப்பெயர்களையும் அதே குறிப்பேட்டில் தமிழில் எழுதுங்கள்.

குளொஸ்ரர் மக்கள் தம் பெயர்ப்பலகைகளை 2000 ஆம் ஆண்டளவிலேயே நிறுவினர். அதற்கு முன் நூற்றாண்டுக் கணக்காக யாரோ ஒருவர் பத்திரிகையிலும் கோயிற் பதிவிலும் வீட்டு ஏடுகளிலும் அப்பெயர்களை எழுதி வைத்தமையாற்றான் அது இயன்றது. எமது துறைகளுக்கும் ஒருநாள் அத்தகைய பலகைகள் எழலாம். அன்று தேவைப்படும் பெயர்கள், இன்று உங்கள் பாட்டியின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. விடுமுறை முடிந்து வகுப்புத் தொடங்கும் முதல் வாரத்தில் குறிப்பேடுகளைக் கொண்டு வாருங்கள். நாம் யாவரும் சேர்ந்து அவற்றை வாசிப்போம்.